விட்டுப்போன தட்டு

ஆய்வகத்தில் அவளைச் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. செல் வளர்ப்பவள், செல்களுக்கு அம்மா, ஆகவே செல்லம்மா என்று யாரோ ஒரு மாணவன் கிண்டலுக்குச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. முனைவர் பட்டம் வாங்கியபோது வெட்டிய கேக்கின் மேலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

கிண்டலில் உண்மையும் இருந்தது. கண் வங்கியிலிருந்து ஐஸ் பெட்டியில் கண்கள் வரும். இறந்தவர்களின் வீட்டார் மனமுவந்து கொடுத்தவை. முன்பக்கத்துக் கருவிழியை வேறொருவருக்குப் பொருத்துவதற்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இவர்களுக்கு அனுப்புவார்கள். செல்லம்மா அந்த மிச்சத்திலிருந்து விழித்திரையை நனைந்த காகிதம் உரிப்பதுபோல உரித்தெடுப்பாள். அதில் ஓடும் நூலிழை ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களை மட்டும் பிரித்துக் குழித்தட்டுகளில் வளர்ப்பாள். லேசுப்பட்ட செல்கள் அல்ல அவை. சூடு கொஞ்சம் ஏறினால் சாகும், கை கொஞ்சம் வேகமாகப் போனால் சாகும். சில நாள் காரணமே இல்லாமல் மொத்தமாகச் செத்து மிதக்கும். அன்றைக்கு அவள் யாரோடும் பேசமாட்டாள்.

சர்க்கரை நோய் முற்றிய கண்ணில் என்ன நடக்கிறதோ அதைத் தட்டில் நடத்திப் பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்தின் தொழில். செல்கள் கிடக்கும் திரவத்தில் சர்க்கரையைக் கூட்டுவார்கள். ஓரிரு நாளில் செல்கள் அழத் தொடங்கும். அழுவது என்பது அவர்களுக்குள் புழங்கிய பேச்சு. அடிபட்ட இடம் சிவந்து வீங்கும்போது உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருட்களைச் செல்கள் கக்கும் என்று பொருள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மேலே விட்டால் அவை ஈ மொய்ப்பதுபோல வந்து ஒட்டிக்கொள்ளும். நிஜக் கண்ணிலும் இப்படி ஒட்டித்தான் குழாய்ச் சுவர் பழுதாகி, நீர் கசிந்து, பார்வை மங்குகிறது. எந்த மருந்தை விட்டால் அழுகை அடங்குகிறது என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று என்று எண் போட்ட மருந்தில் அடங்கியது. புரொபசர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாங்கிக் கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை.

செல்லம்மாவுக்கு ஒரே ஒரு உறுத்தல். தண்ணீரில் எதைக் கரைத்தாலும் தண்ணீர் அடர்த்தியாகும். அடர்த்தியே செல்லிலிருந்து நீரை உறிஞ்சி அதை வதைக்கும். ஆகவே அழுகை சர்க்கரையாலா, வெறும் அடர்த்தியாலா என்று தெரிந்துகொள்ள இன்னொரு தட்டு வைக்கவேண்டும். அதில் மானிட்டால் என்று ஒன்றை, செல் வாயில்கூட வைக்காத ஓர் இனிப்பை, அதே அளவு கரைத்து ஊற்றவேண்டும். அந்தத் தட்டு அமைதியாக இருந்தால் குற்றவாளி சர்க்கரைதான். தட்டில் நோயை நடத்திப் பார்க்கும் இந்த மாடலை முதலில் அமைத்த மாணவன் அந்தத் தட்டை வைக்கவே இல்லை. வைக்காமலே பட்டம் வாங்கி வெளிநாட்டுக்குப் போய்விட்டான். செல்லம்மா கேட்டபோதெல்லாம், அப்புறம் பார்த்துக்கலாம், கொடையாளர் கண்ணே குறைவாக வருகிறது, இருக்கிற செல்லை இதற்கு வீணாக்கவேண்டாம் என்று புரொபசர் சொல்லிவந்தார். அவளும் பார்த்துக்கலாம் என்று இருந்தாள்.

அப்புறம் கட்டுரை வந்தது. மருந்துக் கம்பெனி ஒன்று தேடிவந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில், கண்ணில் போடும் ஊசிக்கு இனி வேலையில்லை, விரைவில் சொட்டு மருந்து என்று கொட்டை எழுத்தில் போட்டு, புரொபசரின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் வெள்ளை அங்கியோடு செல்லம்மாவும் நின்றாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவளுடைய அண்ணன் சலூன் வைத்திருந்தார். மூன்று நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அதன்மேல் நாலைந்து பேர் கை மாறிக் கசங்கிய செய்தித்தாள். அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு கோடுகள் வளைந்து தெரிய ஆரம்பித்ததும், மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, சில மாதம் போட்டும் வந்தார்கள். அண்ணனுக்கு அந்த ஊசி என்றால் குலை நடுக்கம். நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தில் கத்தி வைக்கிற ஆள்தான். ஆனால் தன் கண்ணுக்கு நேராக ஒரு ஊசிமுனை வருவதை அவரால் தாங்க முடியவில்லை. செய்தி வந்த அன்று அதைக் கத்தரித்துக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் தலைக்கு வெளிய வேல பாக்கறேன், எந்தங்கச்சி தலைக்கு உள்ள வேல பாக்கறா" என்று பீற்றிக்கொண்டார். சலூனுக்கு வந்துபோனபோது செல்லம்மாவும் இதைக் கேட்டாள். கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

கம்பெனிக்கு அடுத்த கட்டச் சோதனைக்கு நிறைய செல் தேவைப்பட்டது. தொடர்ந்து கண்கள் வந்தன. கையில் செல் தாராளமாக இருந்த ஒரு வாரத்தில் அவள் யாரையும் கேட்காமல் மானிட்டால் தட்டை வைத்தாள். சர்க்கரைத் தட்டு எவ்வளவு அழுததோ அவ்வளவு மானிட்டால் தட்டும் அழுதது. கலக்கியதில் தப்போ என்று வேறொரு கொடையாளரின் செல்லில் வைத்துப் பார்த்தாள். அதே கதை. மூன்றாமவர் செல்லிலும் அதே கதை. நாற்பத்தொன்றை விட்டதும் இரண்டு தட்டும் ஒன்றுபோல அடங்கின. மருந்து சர்க்கரையின் கேட்டைத் தடுக்கவே இல்லை, தண்ணீரின் அடர்த்தியால் வந்த அவஸ்தையை மட்டும் ஆற்றியது. கடைசியாக, சர்க்கரை நோயாளியின் கண்ணில் உண்மையில் இருக்கும் அழற்சிப் பொருட்களையே செல்களின்மேல் விட்டு, அதற்கு மேல் நாற்பத்தொன்றை விட்டாள். செல்கள் அழுதுகொண்டே இருந்தன. மருந்தை அவை சட்டையே செய்யவில்லை.

புரொபசர் அவள் கொண்டுபோன வரைபடங்களைக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு நினைக்க நினைக்க எரிந்தது.

"இது ஒரு மாடல்மா. மாடல்னா மாடல்தான். உலகத்துல பாதிப்பேர் இப்படித்தான் பண்றாங்க" என்றார். "இப்ப இதக் கெளப்பினா கம்பெனி ஓடிடும். இத ஓரமா வைங்க. அடுத்த கட்டத்துல சேத்துக்கலாம்."

அவள் ஓரமாக வைத்தாள். வீட்டில் அடுப்பெரியும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டாள். எல்லாச் சண்டையிலும் ஜெயித்தாள். காலையில் ஆய்வகத்துக்குப் போனதும் வணக்கம் சார் என்றாள். இப்படிச் சில வாரம் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு இடது கண் சுத்தமாகத் தெரியவில்லை. காலையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிருதா ஒதுக்கும்போது கண்ணுக்குள் மை கொட்டியதுபோல இருந்ததாம். கத்தி பிசகி அவர் காதோரம் கீறிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருக்கிறாள்.

செல்லம்மா போனபோது இருவரும் கண் பிரிவின் நீளமான நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மறு கண்ணில் கண்பாவை விரிய மருந்து விட்டிருந்ததால் அது எதையும் சரியாகப் பார்க்காமல் பளபளத்தது. கண் டாக்டர் செல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது, விழித்திரையைத் தழும்பு பிடித்து இழுக்கிறது, அறுவை செய்யலாம், செய்தாலும் நிழலாட்டம் மட்டும் தெரிந்தால் அதிர்ஷ்டம். மறு கண்ணிலும் நீர் கோத்திருக்கிறது, அதையாவது காப்பாற்றவேண்டும். ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஏன் பாதியில் நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டார்.

நிறுத்தினார் என்பதே செல்லம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். நடைக்குத் திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"ஏன் ஊசிக்கு வரல?"

"எதுக்குக் கண்ணுல குத்திக்கணும்? அதான் சொட்டு மருந்து வருதே."

"யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டானே. நீயும்தான போட்டோல நின்ன."

"நான் ஒருநாளும் உன்கிட்ட வருதுன்னு சொல்லலையே."

அண்ணன் மருந்து விட்டிருந்த கண்ணை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார். "வராதுன்னும் சொல்லலையே" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா, படித்த தங்கச்சி ஒருத்தி எதற்கு இருக்கிறேன், பேப்பர்காரன் சொன்னால் கண்ணைக்கூடப் பிடுங்கிக் கொடுப்பாயா என்று கத்தினாள். நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் பதிலுக்குக் கத்தினார். கேட்டால் நீ ஊசி போட்டுக்கோ என்றுதான் சொல்வாய், தெரிந்துதான் கேட்கவில்லை, என் கண், என் இஷ்டம் என்றார். அண்ணி இருவருக்கும் நடுவில் எழுந்து நின்றாள்.

"அண்ணனும் தங்கச்சியும் சண்ட போடறதுன்னா வெளிய போய்ப் போடுங்க. எனக்கு டாக்டர் என்ன சொன்னார்னு தெரியணும்."

செல்லம்மா சொன்னாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன், முன்பு இருந்த வீறாப்பெல்லாம் போய், வாத்தியாருக்கும் போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்றார். எந்த வாத்தியார் என்று கேட்டாள். சலூனுக்கு வருகிற ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். அவருக்கும் இதே கண் கோளாறு, அவரும் ஊசியை நிறுத்திவிட்டார். மளிகைக்கடைக்காரரும் நிறுத்திவிட்டார். மாவு மில்லில் இருக்கிறவர் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொள்ள நாள் வாங்கியும் போகவில்லை. எல்லோரிடமும் அண்ணன்தான், கொஞ்சம் பொறுங்க, எந்தங்கச்சி மருந்து வருது என்று சொல்லியிருந்தார்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மனசுக்குள் அவள் ஜெயித்த சண்டைகள் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஆய்வகத்தின் கூட்ட அறையில் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். மேஜை மேல் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து, திரையில் நாற்பத்தொன்றின் படங்களைப் புரொபசர் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். செல்லம்மா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஒரு தட்டு விட்டுப்போயிருக்கிறது, அதை நான் வைத்துப் பார்த்துவிட்டேன், இதைப் பார்க்காமல் மேலே பேசாதீர்கள் என்று நின்றபடியே சொல்லி, மானிட்டால் கதை முழுவதையும் சொன்னாள். நேற்று முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. கரகரவென்று வந்த குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

புரொபசர் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார். மூன்றாவது தடவை, நேற்றைய விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருக்கவேண்டும், வந்தவர்களிடம் திரும்பி, இவங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அந்த மனநிலையில் பேசுகிறார்கள் என்று இரக்கமாகச் சொன்னார். அவளிடம், "உங்க வீட்டு விஷயத்த இங்க கொண்டு வராதீங்க" என்றார்.

"நான் கொண்டு வரல சார். நீங்கதான் பேப்பர்ல போட்டு எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க."

கம்பெனியிலிருந்து வந்த நடுவயது அம்மாள் ஒருத்தி, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை கொடையாளரின் செல்லில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். செல்லம்மா சொன்னாள். உண்மையான அழற்சிப் பொருட்களை விட்டபோது மருந்து கொஞ்சம்கூட வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றாள். அந்த அம்மாள் புரொபசரைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, இந்த எண்களையெல்லாம் அனுப்பச் சொல்லுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அவர்கள் போன பிறகும் தண்ணீர் பாட்டில்கள் திறக்கப்படாமல் இருந்தன.

புரொபசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் பொய் சொல்லலம்மா. செஞ்சதத்தான் சொன்னேன்."

"செய்யாம விட்டதச் சொல்லலையே சார்."

சொல்லும்போதே, நேற்று ஆஸ்பத்திரி நடையில் அண்ணன் தன்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே செல் அறையின் சாவியை ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அவள் செய்தித்தாள் ஆபீசுக்குப் போனாள். அந்தச் செய்தியை எழுதிய நிருபர் மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு மருந்து வருதுன்னா செய்தி. வரலன்னா எப்படிங்க செய்தியாகும்?"

எத்தனை பேருடைய கண் இதில் மாட்டியிருக்கிறது தெரியுமா என்று கேட்டாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆசிரியரிடம் பேசிப்பார்க்கிறேன் என்றார். கடைசியில் உள்பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, மேலும் ஆய்வு தேவை என்று விரல் நுனி அளவுக்கு ஒரு குறிப்பு வந்தது. எந்த மருந்துக்கு, யாருடைய ஆய்வு என்று அதில் இல்லை. அதைப் படிக்கவே நல்ல கண் வேண்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலூனுக்குப் போனாள். கூட்டம் நெருக்கியடித்த நேரம். அண்ணன் ஒரு கண்ணில் மூடியோடு தன் கடையிலேயே வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலையெல்லாம் இரண்டாவது நாற்காலிக்காரர்தான் பார்த்தார். வாத்தியாருக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்றவர் இதுவரை யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாத்தியார் முகத்தில் நுரை பூசி ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. மளிகைக்கடைக்காரர் அடுத்த முறைக்குக் காத்திருந்தார். செல்லம்மாவைப் பார்த்ததும், வாங்க வாங்க, மருந்து எந்த அளவுல இருக்கு என்று அவர்தான் கேட்டார்.

"மருந்து வராது" என்றாள். "ஊசியை நிறுத்தினவங்க எல்லாரும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஏன் வராது என்று சொன்னாள். செல், தட்டு, மானிட்டால் எல்லாம் சொன்னாள். உப்புத் தண்ணீரில் போட்டால் எந்தப் புழுவும் நெளியும், நாங்கள் அதைப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்று நினைத்துவிட்டோம் என்று முடித்தபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்று வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "எங்க அண்ணனுக்குக் கண்ணு போறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

வாத்தியார் மேலே போர்த்தியிருந்த துணியை அவிழ்த்தார். மறு கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பாதிச் சவரத்தோடு அவளைக் கடந்து தெருவில் இறங்கிப் போனார். மளிகைக்கடைக்காரர் வாய்விட்டே திட்டினார். படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து எங்களை வைத்து விளையாடுகிறீர்களா, நீ அன்றைக்கே வந்து சொல்வதற்கு என்ன, கால் ஒடிந்தா கிடந்தது என்று கேட்டார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த செய்தியைக் கிழிக்கப் போனாள். தண்ணீர் தெளித்துத் தெளித்து அது கண்ணாடியோடு ஊறிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது.

அண்ணன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"என் கடைக்கு வந்து என் மானத்த வாங்கிட்டு, இப்பக் கண்ணாடியும் தொடைக்கறியா? போ. வீட்டுக்குப் போ."

போனாள். அதற்குப் பிறகு பல வாரம் அண்ணன் அவளோடு பேசவில்லை. அண்ணிதான் போனில் சேதி சொல்வாள். மளிகைக்கடைக்காரர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவருக்குப் பெரிய சேதம் இல்லை. மாவு மில்காரர் லேசர் வைத்துக்கொண்டார். வாத்தியாருக்கு ஒரு கண்ணில் பார்வை பாதியாகக் குறைந்துவிட்டது, இனி ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் சலூனையே மாற்றிக்கொண்டார். அண்ணன் மறு கண்ணில் ஊசி போட்டுக்கொண்டார். அண்ணி அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். முன்பு போட்டபோதெல்லாம் நடுக்கத்தில் என்ன நடந்தது என்றே தெரியாதவர், இந்தத் தடவை முடிந்ததும், இவ்வளவுதானா என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனாராம். இவ்வளவுதான் என்று முதலிலேயே ஒருத்தராவது தனக்கு விளங்கும்படி சொன்னார்களா என்று கேட்டாராம்.

கம்பெனி நாற்பத்தொன்றைக் கிடப்பில் போட்டது. புரொபசருக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாநாட்டில் மேடையேறி, சர்க்கரைத் தண்ணீரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆய்வகமே கண்டுபிடித்திருக்கிறது, இளம் ஆய்வாளர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று பேசிக் கைத்தட்டல் வாங்கினார். அதையே ஒரு கட்டுரையாக எழுதி, ஆசிரியர் வரிசையில் செல்லம்மாவை நாலாவதாகப் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினார். அவள் படித்தாள். நல்ல கட்டுரை. அவளுடைய படங்கள், அவளுடைய எண்கள். இத்தனை வருஷம் இந்தத் தட்டை வைக்காமல் விட்டது நாங்கள்தான் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரியைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன், நாலாவது இடம் என்றாலும் பரவாயில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அவர் சேர்க்கவில்லை. அவள் போடவில்லை. கட்டுரை அப்படியே கிடக்கிறது.

செல் அறைச் சாவி மட்டும் அவளிடம் திரும்பி வந்தது. அந்த மாணவி கெட்டிக்காரிதான், ஆனால் இந்தச் செல்கள் வளைந்து கொடுக்க வருஷக்கணக்காகும். தட்டுத் தட்டாகச் செத்ததில் அவளே அழுதுகொண்டு வந்து சாவியை நீட்டினாள். செல்லம்மா அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு மாடல் அமைக்க ஆரம்பித்தாள். ரத்தக்குழாய்ச் செல் மட்டும் போதாது, அதைச் சுற்றித் தாங்கும் செல்லும், விழித்திரையின் நரம்புகளைப் பேணும் செல்லும் சேர்ந்து வளரவேண்டும். மேலே ஊற்றவேண்டியது சர்க்கரைத் தண்ணீரை அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது கண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கொட்டிவிடும் கூழ் இருக்கிறதே, அதைத்தான் ஊற்றவேண்டும். ஆஸ்பத்திரியும் சம்மதித்தது. நோயாளி ஒப்புக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணனின் இடது கண்ணுக்கு அறுவை குறித்தபோது அவரிடமும் நர்ஸ் கேட்டாள். எந்த ஆய்வகத்துக்கு என்று அவர் விசாரித்தார். சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. அந்தாளுக்கு என் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, குப்பையில் கொட்டுங்கள் என்றார். செல்லம்மா அப்போது அறை வாசலில்தான் நின்றாள். அது அவருக்கல்ல, எனக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அண்ணன் ஒருவேளை கொடுத்துவிடுவார். அதனாலேயே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். குப்பையில்தான் கொட்டினார்கள். அறுவைக்குப் பிறகு அண்ணனுக்கு அந்தக் கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. இப்போது அவளோடு பேசுகிறார். சலூன் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை.

முதல் கூழ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னக் குப்பியில், மங்கிய சிவப்பாக, மேலே ஓர் எண் மட்டும் எழுதியிருந்தது. யாருடையது என்று கேட்கக்கூடாது. மாணவி குப்பியைப் பிடித்துக்கொள்ள, செல்லம்மா மூச்சை அடக்கி முதல் குழியில் ஒரு துளி விட்டாள். அப்போது புரொபசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அருமையான யோசனை என்று எல்லோரும் சொல்கிறார்கள், வேறொரு கம்பெனி விசாரிக்கிறது, ரிசல்ட் எப்போது வரும் என்று தோராயமாகச் சொன்னால்கூடப் போதும் என்றார்.

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவச் சாத்துங்க சார். தூசி வருது."